அவசரப் பிரிவில் எழுதப்படும் நான்கு வரி

செண்டாயான் வட்டாரம் தோட்டமாக இருந்த காலத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் நோய்நொடியும் தோட்டத்து டிரசருக்கு அத்துப்படி. யாருக்கு இனிப்புநீர், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அவர் கேட்க வேண்டியதில்லை. இன்று தோட்ட நிலத்தில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் எழுந்து நிற்கிறது. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அங்குள்ள மருத்துவருக்கு நோயாளி முன்பின் தெரியாதவர். குறிப்பேட்டில் எழுதுவதுதான் அவருடைய கதை.

அவசரப் பிரிவுகளில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கிறார்கள். சிவப்பில் ஓர் உயிர் ஊசலாடும்போது மருத்துவரின் கை பேனாவைத் தேடாது. பிறகு நினைவிலிருந்து எழுதும்போது நேரமும் மருந்தளவும் விடுபடக்கூடும். வேலை நேரம் முடிந்து அடுத்த மருத்துவர் வந்ததும், எழுதாதது நடக்காததாகிவிடுகிறது.

பாதிப்பு சிகிச்சையோடு நிற்பதில்லை. வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ இழப்பீடு உண்டு. ஆனால் முதல் குறிப்பில் "மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார்" என்று மட்டும் இருந்தால், எங்கே, எத்தனை மணிக்கு, எதற்காகப் போனார் என்பதைத் தொழிலாளிதான் பின்னர் நிரூபிக்க அலைய வேண்டும். அரசு மருத்துவமனை மீது வழக்குத் தொடுக்க 36 மாதங்களே அவகாசம். அங்கும் அந்தக் குறிப்புகள் முக்கியச் சான்று.

செலாயாங் மருத்துவமனை 1999-லேயே கணினிப் பதிவோடு தொடங்கப்பட்டது. ஆனால் அந்த வசதி எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் இன்னும் வந்து சேரவில்லை. ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுதுக்குமான ஒரே மருத்துவப் பதிவு என்பது 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையின் இலக்குகளில் ஒன்று. கணினி வந்தாலும் எழுதுவதற்கு ஆளும் நேரமும் வேண்டும். ஒவ்வாமை, வந்த நேரம், காயம்பட்ட விதம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டங்கள் உள்ள படிவமும், மருத்துவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்யும் உதவியாளரும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

அதுவரை குடும்பத்தாரும் சும்மா இருக்க முடியாது. பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை அடையாள அட்டையோடு வைத்திருக்கலாம். வேலை தொடர்பான விபத்தென்றால் இடம், நேரம், நடந்த விதம் மூன்றையும் தெளிவாகச் சொல்லி, "டாக்டர், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்று கேட்கலாம். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவித்தாரா என்றும் பார்க்க வேண்டும்.

டிரசரின் நினைவாற்றலை நம்பியிருந்த காலம் போய்விட்டது. அந்த இடத்தை இனி எழுத்துதான் நிரப்ப வேண்டும்.