பங்காளிகளின் கோட்டை

கோட்டை என்றால் அண்ணாந்து பார்க்கும் இடத்தில் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். எல்ட்ஸ் கோட்டையை நான் முதலில் குனிந்து பார்த்தேன். காட்டுக்குள் இறங்கிவரும் பாதை ஒரு வளைவில் திரும்பியதும் மரங்கள் விலகின. காலுக்குக் கீழே, பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு பாறை. அதன் மேல் கூம்புக் கூரைகளும், மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் மேல்மாடங்களுமாகக் கோட்டை நின்றது. பாறையின் உயரம் 70 மீட்டர். சுற்றியுள்ள மலைகளோ அதைவிட உயரம். எல்ட்ஸ் ஓடை மூன்று பக்கமும் பாறையைச் சுற்றிக்கொண்டு போய், சில கிலோமீட்டர் தள்ளி மோசெல் ஆற்றில் கலக்கிறது.

ஜெர்மனியின் மேற்கே, மோசெல் பள்ளத்தாக்கையும் ஐஃபெல் மலைப்பகுதியையும் இணைக்கும் பழைய வழி இந்த ஓடையை ஒட்டித்தான் போனது. வழியைக் காக்க வேண்டுமென்றால் வழியருகே இருந்தாக வேண்டும். அதனால்தான் சிகரத்தை விட்டுவிட்டுப் பள்ளத்தில் கட்டியிருக்கிறார்கள். இதற்கு அவர்கள் பிற்பாடு பெரிய விலை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

கோட்டையைப் பார்த்ததும் எங்கோ பார்த்த நினைவு வந்தது. யூரோவுக்கு முந்தைய 500 மார்க் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது இந்தக் கோட்டைதான். ஆனால் என்னை அங்கே இழுத்துப் போனது அதன் அழகில்லை. 1157-ஆம் ஆண்டு, பர்பரோசா என்று பெயர்பெற்ற பேரரசர் முதலாம் ஃபிரெடெரிக் வழங்கிய தானப் பத்திரம் ஒன்றில், எல்ட்ஸ் ஊர் ருடால்ஃப் என்பவர் சாட்சியாகப் பெயர் கொடுத்திருக்கிறார். கோட்டை இன்றும் அவர் வம்சத்தாரிடம்தான் இருக்கிறது. 33 தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு வீடு எப்படி இத்தனை காலம் கைமாறாமல் இருந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

கற்பாலத்தைக் கடந்து வாசலுக்குள் நுழைந்ததும் முற்றம். அதைப் பார்த்தபோதே பாதி விடை கிடைத்துவிட்டதுபோல இருந்தது. நான்கு பேர் கைகோத்து நடக்க முடியாத இடுக்கான முற்றம் அது. சுற்றிலும் எட்டு வீட்டுக் கோபுரங்கள், சில 35 மீட்டர் உயரம். ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல நெருக்கியடித்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிப் படிக்கட்டு. அரண்மனை முற்றத்தில் நிற்பதாகத் தோன்றவில்லை. ஒரு தெருவில் நிற்பதுபோல இருந்தது.

அது ஒருவகையில் தெருவேதான். 1268-க்குச் சற்று முன்பு எலியாஸ், வில்ஹெல்ம், தியோடெரிக் என்ற மூன்று சகோதரர்கள் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். நிலங்களைப் பிரித்தார்கள், கோட்டையைப் பிரிக்க முடியவில்லை. பாறை ஒன்றுதானே இருந்தது. அதனால் கோட்டையைப் பொதுவில் வைத்துக்கொண்டு, அவரவர் கிளை அவரவர் வீட்டில் குடியிருந்தது. வெள்ளிச் சிங்கத்தைச் சின்னமாகக் கொண்ட கிளை ரூபெனாஹ் என்றும், தங்கச் சிங்கக் கிளை கெம்பெனிஹ் என்றும், எருமைக் கொம்புக் கிளை ரோடென்டோர்ஃப் என்றும் பிற்காலத்தில் பெயர்பெற்றன. இப்படி வாரிசுகள் பலர் பிரிக்காமல் ஆளும் கோட்டைக்கு ஜெர்மன் மொழியில் தனிப் பெயரே உண்டு: ‘கான்எர்பன்புர்க்’. நமக்குப் ‘பங்காளி’ என்ற சொல் இருப்பதால் இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டியதில்லை. பங்கும் பகையும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

பகை வராமல் இருக்க அவர்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தின் பெயர் ‘புர்க்ஃபிரீடன்’, அதாவது கோட்டை அமைதி. யாருக்கு எது, பொதுவானது எது, பராமரிப்புச் செலவை யார் எப்படி ஏற்பது என்றெல்லாம் இத்தகைய ஒப்பந்தங்கள் வகுத்துச் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, மதிலுக்குள் எந்தச் சண்டையும் கூடாது. வெளியே எவ்வளவு பிணக்கு இருந்தாலும் வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவரக் கூடாது. பிரபுக்கள் தமக்குள் போர் தொடுத்துக்கொள்வது சட்டப்படி செல்லுபடியான காலம் அது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லின் ஆயுளும் நீண்டது: 1914-ல் முதல் உலகப்போர் வெடித்தபோது ஜெர்மன் கட்சிகள் தமக்குள் செய்துகொண்ட சமரசத்துக்கும் ‘புர்க்ஃபிரீடன்’ என்றே பெயர் வந்தது.

உள்ளே சுற்றிக்காட்ட ஒரு வழிகாட்டி வருகிறார். முக்கால் மணி நேரம்கூட ஆகாது, படம் எடுக்க அனுமதி கிடையாது. எனக்கு அது நல்லதாகவே பட்டது, கண்ணால் பார்த்தேன். ரூபெனாஹ் வீடு 1472-ல் முடிந்தது. அதன் படுக்கையறைச் சுவர் முழுக்கக் கொடியும் பூவுமாக ஓவியம். அங்கே வெளிச்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு மாடம்தான் வழிபாட்டு இடம். கடவுளின் இடத்துக்கு மேலே மனிதர் குடியிருக்கக் கூடாது என்பது அன்றைய நம்பிக்கை. மேல்தளத்திலும் ஆள் இருக்கும் நெருக்கடியான வீட்டில் அதற்கு என்ன செய்வது? வழிபாட்டு இடத்தைச் சுவருக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். இட நெருக்கடியிலும் மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்ட அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாறை நீள்வட்டமாக இருப்பதால் அதன் மேல் எழுந்த அறைகளும் கோணல் மாணல்தான். கோட்டையில் ஏறக்குறைய 100 அறைகள். அவற்றில் 40-ஐக் கணப்பு மூட்டிச் சூடாக்க முடிந்தது. மழைநீரால் கழுவப்படும் கழிப்பறைகள் 20 இருந்தன. மூன்று கிளைகளும் சேர்ந்து 100 பேர் வரை இங்கே வாழ்ந்திருக்கிறார்கள்.

ரோடென்டோர்ஃப் வீட்டில் இருக்கும் பெரிய கூடம்தான் மூன்று கிளையாருக்கும் பொது. கூடிப் பேசவும் விருந்துண்ணவும் அங்கேதான் வருவார்கள். அந்தக் கூடத்துச் சுவரில் விதூஷகர்களின் முகங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அரசவையில் விதூஷகன் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், தண்டனை கிடையாது. இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எவரும் அப்படியே மனதில் பட்டதைப் பேசலாம் என்பதற்கு அந்த முகங்கள் அடையாளம். வெளியேறும் கதவுக்கு மேலே ஒரு ரோஜாப்பூ. அது மௌனத்தின் ரோஜா. இங்கே பேசியது இந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்று பொருள். எல்லோரும் அடுத்த அறைக்குப் போன பிறகும் நான் அந்தக் கதவடியில் நின்றுகொண்டிருந்தேன். பங்காளிகள் பேசித் தீர்க்க ஒரு கூடம், பேசியதைக் காக்க ஒரு பூ. மதிலைவிட இந்தக் கூடம்தான் இந்த வீட்டைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று அங்கே தோன்றியது. இன்றுவரை அந்த எண்ணம் மாறவில்லை.

ஏனென்றால் மதில் ஒருமுறை தோற்றுத்தான் போனது. 1331-ல் ட்ரியர் நகரத்துப் பேராயர் பால்டுவின் இவர்கள்மேல் கைவைத்தார். லக்சம்பர்க் வம்சத்தவர், பேரரசர் ஏழாம் ஹென்றியின் தம்பி. சமயத் தலைவர் என்பதோடு நாட்டை ஆளும் பிரபுவும்கூட. பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள் என்று தலைநிமிர்ந்து நின்ற சுற்றுவட்டாரத்து வீரக்குடிகளைத் தன் ஆட்சிக்குக் கீழே கொண்டுவர நினைத்தார். எல்ட்ஸ், ஏரன்பூர்க், வால்டெக், ஷோனெக் ஆகிய நான்கு கோட்டையாரும் அவருக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்தார்கள். பள்ளத்தில் கட்டியதன் விலை இப்போது வந்தது. எதிரே, மேட்டில், கூப்பிடு தூரத்தில் பால்டுவின் ஒரு சின்னக் கோட்டையை எழுப்பினார். எல்ட்ஸை எதிர்த்து நிற்பது என்ற பொருளில் அதற்கு ட்ரூட்ஸ்எல்ட்ஸ் என்று பெயர். அங்கிருந்து கவண்பொறிகள் கல்குண்டுகளை வீசின. வெளியே போகவும் உள்ளே வரவும் வழியில்லாமல் முற்றுகை இரண்டு ஆண்டுக்கு மேல் நீண்டது.

1336-ல் சமாதானம் ஆனது. எல்ட்ஸ் குடும்பத்தின் யோஹான் மீண்டும் கோட்டைக் காவலரானார். ஆனால் பேராயருக்குக் கீழ்ப்பட்டவராக. பழைய சுதந்திரம் போய்விட்டது, வீடு மிஞ்சியது. அவர்கள் பணிந்ததைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே குழந்தைகள் இருந்திருப்பார்கள். வீசிய கல்குண்டுகளில் சில இன்றும் முற்றத்தில் கிடக்கின்றன. ட்ரூட்ஸ்எல்ட்ஸ் இப்போது இலைகளுக்கு நடுவே ஒரு குட்டிச்சுவர். வரும் வழியில் நான் கவனிக்காமலே கடந்துவிட்டேன். 231 ஆண்டுகள் கழித்து, 1567-ல், பால்டுவின் அமர்ந்த அதே ட்ரியர் பேராயர் பீடத்தில் அமர்ந்தவர் யார் தெரியுமா? யாக்கோப் ஃபான் எல்ட்ஸ்.

1336-ன் சமாதானத்துக்குப் பிறகு கட்டுவது நிற்கவே இல்லை. ரோடென்டோர்ஃப் கிளை 1490 முதல் 1540 வரை கட்டியது. கெம்பெனிஹ் கிளை 17-ஆம் நூற்றாண்டில் தன் வீடுகளை முடித்தது. ஒருவர் கட்டியதை இடித்து மற்றவர் கட்டவில்லை. கிடைத்த இண்டு இடுக்கில் மேலே மேலே எழுப்பினார்கள்.

1688-ல் தொடங்கிய போரில் பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படைகள் ரைன், மோசெல் கரைகளில் இருந்த கோட்டைகளை வரிசையாகத் தகர்த்தன. பக்கத்து ஊரான கோஹெமின் கோட்டை 1689-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இன்று அங்கே நிற்பது 19-ஆம் நூற்றாண்டில் பெர்லின் வணிகர் ஒருவர் தம் ரசனைக்கு ஏற்ப எழுப்பியது. எல்ட்ஸ் மட்டும் எப்படித் தப்பியது? ஹான்ஸ் அந்தோன் என்ற எல்ட்ஸ் குடும்பத்தவர் அப்போது பிரெஞ்சுப் படையில் உயர் அதிகாரி. இடிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து தம் குடும்பக் கோட்டையின் பெயரை நீக்கச் செய்துவிட்டார். எதிரிப் படையில் இருந்த உறவுக்காரர் ஒருவரால் பிழைத்தது இந்த வீடு.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் வந்த ஆக்கிரமிப்பில் குடும்பத் தலைவர் ஹியூகோ பிலிப் நாட்டைவிட்டு ஓடிவிட்டதாகக் கருதிச் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். அவர் ஓடவில்லை, மைன்ஸில் இருந்தார் என்று தெரிந்ததும் 1797-ல் திருப்பித் தந்தார்கள். ரோடென்டோர்ஃப் கிளை 1786-லேயே வாரிசில்லாமல் முடிந்திருந்தது. 1815-ல் ரூபெனாஹ் பங்கை ஹியூகோ பிலிப் விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ 550 ஆண்டுப் பங்காளி வாழ்க்கை அந்தக் கிரயத்தோடு முடிந்தது. கோட்டை முழுவதும் ஒருவர் கைக்கு வந்ததைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்தக் கூடத்தில் பேசிக்கொள்ள அதன் பிறகு யார் இருந்தார்கள்? ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் கோமகன் கார்ல் செய்த திருப்பணியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. மற்றவர்கள் பழைய கோட்டைகளைக் கற்பனைக் கோட்டைகளாக்கிய காலத்தில், இருந்ததை இருந்தபடி காப்பாற்ற அவர் பாடுபட்டார். 1920-ல் கெம்பெனிஹ் வீடுகளில் தீப்பிடித்தது. அதையும் திரும்பக் கட்டினார்கள். அந்தப் பகுதி இன்றும் குடும்பத்தாருக்கே உரியது, பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு வீடும் இருந்தது. மைன்ஸ் பேராயராக இருந்த பிலிப் கார்ல் ஃபான் எல்ட்ஸ் காலத்தில், 1736-ல், டான்யூப் கரையில் வூகோவார் என்ற பெரும் பண்ணைநாட்டை வாங்கினார்கள். இன்றைய குரோஷியாவில் இருக்கிறது. அங்கே எழுப்பிய அரண்மனையில் இரண்டாம் உலகப்போர் முடியும்வரை வாழ்ந்தார்கள். போரோடு அது கைவிட்டுப் போனது. 1991-ல் யூகோஸ்லாவியா உடைந்தபோது வூகோவார் 87 நாள் முற்றுகைக்கு உள்ளானது. நேற்றுவரை அண்டை அயலாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட முற்றுகை. அரண்மனை குண்டுகளால் சிதைந்தது. அந்த மண்ணுக்குத் திரும்பிவந்த யாக்கோப் எல்ட்ஸ், 1990-களில் குரோஷிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். அரண்மனையின் மறுசீரமைப்பு 2011-ல் நிறைவடைந்து, இப்போது நகர அருங்காட்சியகமாக இருக்கிறது. மோசெல் பக்கத்துக் கோட்டையில் 44 லட்சம் யூரோ செலவில் நடந்த திருப்பணி அடுத்த ஆண்டே, 2012-ல் முடிந்தது.

திரும்பும்போது மேடேறி, அந்த வளைவில் இன்னொரு தடவை நின்று கீழே பார்த்தேன். இந்த முறை ட்ரூட்ஸ்எல்ட்ஸின் இடிந்த சுவரும் கண்ணில் பட்டது. அடுத்த பயணம் வூகோவாருக்கு என்று அப்போது முடிவு செய்தேன். யாரும் பட்டியலிலிருந்து பெயர் நீக்காத அந்த வீட்டின் சுவர்களையும் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.