மார்கழிப் பயணமும் மோசமான வாசிப்பும்

கார்த்திகை முடியும்போதே நம் நண்பர்கள் வட்டத்தில் பயணத் திட்டங்கள் சுற்றுக்கு வந்துவிடுகின்றன. மூன்று நாட்கள், ஒரு வாடகை வண்டி, இருபது கோயில்கள், ஒரு கோட்டை, ஒரு கடற்கரை. காவிரிப் படுகையின் சிற்றூர்களைக் குளிர்காலத்தில் சாலை வழியே பார்த்துவர வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். அந்த ஆசையோடு நமக்குப் பிணக்கில்லை. அதற்காகப் போடப்படும் திட்டங்களை எதிர்த்தே இதை எழுதுகிறோம். ஒரு நாவலை அட்டையும் கடைசிப் பக்கமும் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதுபவரை நாம் மதிப்பதில்லை. ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஊர்களை அதே முறையில் 'முடித்துவிட்டு' வருவதை மட்டும் ஏன் ரசனை என்று அழைக்கிறோம்?

முதலில் எளிய கணக்கு ஒன்று. மார்கழியில் பொழுது விடிய ஆறரை மணி ஆகிறது, மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடுகிறது. இடையில் நண்பகல் பன்னிரண்டு மணிவாக்கில் பெரும்பாலான கோயில்களின் நடை சாத்தப்பட்டு, நான்கு மணிக்குத்தான் மீண்டும் திறக்கிறது. ஆக வெளிச்சத்தோடு கோயில் பார்க்க ஒரு நாளில் கிடைப்பது ஏழரை மணி நேரம். அதில் ஏழு கோயில்களைத் திணித்தால், ஊருக்கு ஊர் ஓடும் நேரமும் காலணி விட்டு எடுக்கும் நேரமும் போக ஒரு கோயிலுக்கு அரை மணி தேறினால் அதிகம். தாராசுரத்தில் நாயன்மார் அறுபத்துமூவரின் கதைகள் கருவறைப் புறச்சுவரின் கீழ்ப்பகுதியில் சிறு சிறு சிற்பங்களாக, பெயர்ப் பொறிப்புகளோடு வரிசையாக நிற்கின்றன. குனிந்து, நிதானித்து, ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியவை அவை. சேக்கிழாரின் காவியம் எழுந்து ஓரிரு தலைமுறைக்குள், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் காலத்தில், அதே கதைகள் கல்லில் ஏறியிருக்கின்றன. தமிழ் வாசகர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் அங்கே அரை மணியில் குதிரை பூட்டிய தேர் மண்டபத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், அவர் அங்கு போனதற்கும் போகாததற்கும் என்ன வேறுபாடு?

இந்த அவசரத்தைப் பயண முகவர்களின் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. இலக்கிய வாசகர்கள் தாமே போடும் திட்டங்களில் வேறொரு கோளாறு இருக்கிறது. 2022இலும் 2023இலும் 'பொன்னியின் செல்வன்' திரைப்படங்கள் வெளிவந்த பிறகு வந்தியத்தேவனின் வழித்தடம் ஒரு சுற்றுலாத் தடமாகிவிட்டது. வீராணம் ஏரிக்கரை, கடம்பூர், குடந்தை, பழையாறை என்று நாவலின் அத்தியாய வரிசையில் வண்டி போகிறது. கடம்பூரில் இறங்கியதும் சம்புவரையர் மாளிகை எங்கே என்று விசாரிக்கிறார்கள். மாளிகை இல்லை என்றதும் ஏமாற்றம். ஆனால் மேலக்கடம்பூரில் தேர் வடிவில் அமைந்த முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கற்றளி ஒன்று இருக்கிறது. அப்பர் பாடிய தலம் அது. நாவலில் இல்லை என்பதால் அது பலருடைய திட்டத்திலும் இல்லை.

இதைவிட வருத்தம் தருவது அடுத்தது. கடம்பூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் காட்டுமன்னார்கோயிலை ஒட்டி உடையார்குடி இருக்கிறது. அங்குள்ள அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகால் சோழனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய, அவர்களது உறவினருடைய நிலங்களைப் பறிமுதல் செய்வது பற்றிப் பேசும் கல்வெட்டு அது. அதை வைத்து நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கி தம் நாவலுக்கு முடிச்சாக எடுத்துக்கொண்ட கொலையின் சான்று இந்தச் சுவரில்தான் இருக்கிறது. அந்தக் கொலைக்காக ஐந்து பாகங்களைக் கண்விழித்துப் படித்தவர்கள், அதன் மூல ஆவணத்தைத் தாண்டி, இல்லாத மாளிகையைத் தேடிப் போகிறார்கள். கல்கியின் மீது நமக்குக் குறையில்லை. அவர் வரலாற்றாசிரியர்களைப் படித்துவிட்டுக் கற்பனை செய்தார். நாம் அந்தக் கற்பனையைப் படித்துவிட்டு வரலாற்றைப் படித்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

காட்டுமன்னார்கோயிலைத் தாண்டிப் போகிறவர்கள் இன்னொன்றையும் தவறவிடுகிறார்கள். மார்கழி விடியலில் ஊர் தோறும் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கிறது. அதைக் கேட்டபடிதான் நம் வண்டிகளும் கிளம்புகின்றன. அந்தப் பாசுரங்கள் உட்பட நாலாயிரத்தையும் தேடித் தொகுத்தவர் நாதமுனிகள் என்பது வைணவ மரபு. அவருடைய ஊர் இதுதான். குடந்தை ஆராவமுதன் மீதான பத்துப் பாடல்களைப் பாடியபடி இவ்வூருக்கு வந்த அடியவர்களிடமிருந்து, ஆயிரம் பாடல்களில் அவை பத்து என்று அறிந்து, மீதியைத் தேடிப் புறப்பட்டார் என்று அம்மரபு சொல்கிறது. தமிழில் ஒரு தொகுப்பாசிரியரைப் பற்றி இத்தனை அழகான கதை வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. பழம் பிரதிகளைத் தேடுவதைத் தொழிலாகவோ பொழுதுபோக்காகவோ கொண்ட ஒருவருக்கு, மார்கழியில் போக இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

இனி சாலையையே பார்ப்போம். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து தெற்கே இறங்கினால் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரை வருகிறது. 1836இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கட்டப்பட்ட கீழணை அது. அதைக் கட்டுவதற்காகக் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய கோயிலின் மதிலைப் பெயர்த்துக் கற்களை எடுத்துச் சென்றார்கள் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதிவாகிவிட்ட செய்தி. அந்த அணையில் தேங்கும் நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. பராந்தகன் காலத்து ஏரி அது. அங்கிருந்து 2004 முதல் குழாய் வழியே சென்னைக்குக் குடிநீர் வருகிறது. இராசேந்திரனின் மதிற்கல் தடுத்த நீரை, அவன் எள்ளுப்பாட்டன் காலத்து ஏரியில் தேக்கி, சென்னையில் நாம் குடிக்கிறோம். இந்தத் தொடர்ச்சி எந்தப் பயணத் திட்டத்தில் இருக்கிறது? திட்டத்தில் அணைக்கரை 'தேநீர் நிறுத்தம்' என்று குறிக்கப்படுகிறது. அதுவும் பசி எடுத்தால்.

பழையாறையின் கதை வேறு. சோழர்களின் மாளிகைகள் இருந்த நகரம் இன்று வயல்களும் சில கோயில்களுமாகச் சிதறிய சிற்றூர். பக்கத்தில் 'சோழன்மாளிகை' என்றே ஓர் ஊர்ப்பெயர் எஞ்சியிருக்கிறது. அங்கே 'பார்க்க ஒன்றுமில்லை' என்று திரும்பி வந்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு பேரரசின் தலைநகர் எப்படி நெல்வயலாகிறது என்பது பார்க்க ஒன்றுமில்லாத விஷயமா? அரண்மனைகள் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டப்பட்டன, கோயில்கள் கல்லால் கட்டப்பட்டன. ஆகவே அரசன் வாழ்ந்த இடம் போய்விட்டது, அவன் கும்பிட்ட இடம் நிற்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை வயல் வரப்பில் நின்று உணர்வதற்கு அரை நாள் செலவிடலாம். ஒன்றுமில்லாத இடத்தில் நிற்கத் தெரியாதவருக்கு வரலாற்று ஊர்கள் எதற்கு?

நம் தரப்புக்கு வரக்கூடிய மறுப்புகளை அறிவோம். ஆண்டில் நான்கு நாள் விடுப்பு கிடைப்பதே அரிது, வயதான பெற்றோருக்கு நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் காட்டியாக வேண்டும் என்பார்கள். அது நேர்த்திக்கடன், அதன் நியாயம் வேறு, அதில் தலையிட நமக்கு உரிமையில்லை. நாம் பேசுவது, பக்திக்காக அல்லாமல் ரசனைக்காகவும் அறிவுக்காகவும் போவதாகச் சொல்லிக்கொள்ளும் பயணத்தைப் பற்றி. இன்னொரு மறுப்பு வலுவானது: நாவலைப் படித்தாவது போகிறார்களே, அந்த ஆர்வத்தையும் கெடுக்கலாமா? ஆர்வம் நல்ல வாசல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வாசலிலேயே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவரை வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் ரசனைச் சண்டை மட்டும் என்றால் விட்டுவிடலாம். இழப்பு வேறிடத்தில் நடக்கிறது. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சால் சுவர்கள் தேய்க்கப்பட்டுக் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின. சுண்ணாம்பும் வண்ணப்பூச்சும் எழுத்தை மூடின. பழைய தளவரிசைக் கற்கள் பெயர்க்கப்பட்டு வழுக்கும் பளிங்கு வந்தது. பெரிய, பெயர் பெற்ற கோயில்களில் இதைக் கேள்வி கேட்க ஆள் உண்டு. சிற்றூர்க் கோயில்களில் இல்லை. ஏனென்றால் அங்கே வருகிறவர் எவரும் சுவரைப் படிப்பதில்லை. ஆண்டுதோறும் பத்துப் பேராவது ஒரு கல்வெட்டைத் தேடி வந்து, குருக்களிடம் விளக்குக் கேட்டு, நின்று பார்த்துவிட்டுப் போனால், அந்தச் சுவரில் ஏதோ இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பொருளின் மீது சுண்ணாம்பு அடிக்க எவருக்கும் கை தயங்கும். வாசகன் வராத பிரதி அழியும் என்பது ஏட்டுச்சுவடிகளுக்கு நேர்ந்ததிலிருந்து நாம் கற்ற பாடம். உ.வே.சாமிநாதையரின் சொந்த ஊரான உத்தமதானபுரமும், அவர் பயின்ற திருவாவடுதுறையும், பணியாற்றிய குடந்தைக் கல்லூரியும் இதே தடத்தில்தான் இருக்கின்றன என்பதை நினைவூட்டுகிறோம்.

அப்படியானால் எப்படித்தான் திட்டமிடுவது? ஐந்து நாட்கள், நான்கு ஊர்கள், அவ்வளவு போதும். காட்டுமன்னார்கோயில் சுற்று ஒரு நாள். கங்கைகொண்ட சோழபுரம் ஒரு நாள். கோயிலோடு மாளிகைமேட்டில் அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் அடித்தளங்களையும், சோழகங்கம் எனப்பட்ட பொன்னேரியின் கரையையும் சேர்த்து. குடந்தை இரண்டு நாட்கள். தரங்கம்பாடி ஒரு நாள். நடை சாத்தும் நான்கு மணி நேரத்தைச் சாலையில் கழிக்காமல் தெருவில் கழிக்க வேண்டும். குடந்தையில் அந்த நேரத்தில் சுவாமிமலைக்குப் போய் மெழுகு வார்ப்பில் படிமம் செய்யும் பட்டறையைப் பார்க்கலாம். எம்.வி.வெங்கட்ராம் எழுதிய சௌராஷ்டிர நெசவாளர் தெருக்களில் தறிச் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று நடந்து பார்க்கலாம். கு.ப.ரா.வும் ந.பிச்சமூர்த்தியும் உலவிய ஊர், 'மோகமுள்' நடந்த ஊர் என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்த ஊரில் ஒரு பகல்பொழுதைக் கோயில் இல்லாமல் கழித்ததுண்டா?

பருவத்தையும் வாசிக்க வேண்டும். மார்கழித் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை மிச்சமிருக்கும். ஒரு புயல் சின்னம் உருவானால் திட்டம் கலையும், ஆகவே மார்கழியின் பின்பாதியே ஏற்றது. அப்போது சம்பா கதிர் முற்றத் தொடங்கியிருக்கும். தை பிறந்தால் அறுவடை. சாலையின் பாதியில் நெல் காயப் போட்டிருப்பார்கள், கொள்முதல் நிலைய வாசலில் குவியல்கள் காத்திருக்கும். நம்மவர்கள் அதைப் போக்குவரத்து இடைஞ்சல் என்கிறார்கள். இந்தக் கோயில்களைக் கட்டியது இந்த நெல்தான். கல்வெட்டுகளில் பாதி நெல்லளவும் நிலவரியும் பற்றிப் பேசுபவை. அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈரம் காயாத வயலில் உளுந்தை விதைத்துவிடுகிற நுட்பத்தைப் பார்க்காமல் சோழநாட்டைப் பார்த்தேன் என்று சொல்வதில் பொருளில்லை.

கடைசி நாளைத் தரங்கம்பாடிக்கு ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். நம் கையிலிருக்கும் ஒவ்வொரு தமிழ்ப் புத்தகத்தின் முன்னோர்களில் ஒன்று இந்தக் கடற்கரையில் பிறந்தது. சற்றுத் தள்ளி, பாண்டியர் காலத்து மாசிலாநாதர் கோயிலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை இந்த ஊரையும் விடவில்லை. கல் நிலைக்கும் என்று நான்கு நாட்களாக நம்பிவந்தவர் இங்கே ஒரு மாலை உட்கார்ந்திருக்க வேண்டும்.

சிட்டியும் தி.ஜானகிராமனும் காவிரியின் தடத்தில் பயணம் செய்து 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள். அந்த நூலை அலமாரியில் வைத்துக்கொண்டே நாம் இருபது கோயில் பட்டியலைக் கைபேசியில் பகிர்கிறோம். இந்த மார்கழிக்குப் பட்டியலிலிருந்து பதினாறு பெயர்களை அடித்துவிடுங்கள் என்பதே நம் கோரிக்கை. மிஞ்சுகிற நான்கு ஊர்களுக்குப் போகும்போது ஒரு குறிப்பேடும், ஒரு கைவிளக்கும், அந்தந்த ஊர்க் கல்வெட்டுகளின் அச்சிட்ட பாடமும் எடுத்துச் செல்லுங்கள். உடையார்குடிச் சுவரின் முன் விளக்கைப் பிடித்து முதல் எழுத்தைக் கூட்டிப் படிக்கும் வாசகருக்காக அந்தக் கல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நின்றுகொண்டிருக்கிறது.