தலையிழந்த தீட்டா

சென்ற மார்கழிக் குளிரில், தில்லி விடுதி அறையிலே, என் சமன்பாட்டில் தீட்டா நிற்க வேண்டிய இடத்தில் எச், ஈ, டி, ஏ என நான்கு ஆங்கில எழுத்துகள் நின்றன. இயற்பியல் மாணவன் கண்ணுக்கு அவை பிளாங்க் மாறிலியாகவும் மின்னூட்டமாகவும் காலமாகவும் முடுக்கமாகவும் தோன்றாமல் வேறு எப்படித் தோன்றும்? இரண்டு இரவுகள் என் கணக்கையே ஐயுற்றேன், நண்பர்களே!

கணக்கு சரியே. சிம்பை என்னும் இயற்கணித மென்பொருளும் குற்றமற்றதே. லேடெக்ஸ் அச்சுமுறையில் கிரேக்க எழுத்தின் பெயருக்கு முன் பின்சாய்கோடு இடுவது வழக்கம். பைதான் மொழியிலோ, பின்சாய்கோட்டை அடுத்து 'டி' வந்தால் இரண்டும் சேர்ந்து டேப் இடைவெளியாகிவிடும். 'என்' வந்தால் புதுவரி. தீட்டா தலையிழந்தது, நியூவும் அவ்வாறே. காமா மட்டும் தப்பிற்று, 'ஜி'க்கு அங்கே தனிப்பொருள் இல்லாமையால். சில எழுத்துகள் ஒழுங்காக வருவதே நம்மை ஏமாற்றுகிறது!

மேற்கோள் குறிக்கு முன் 'ஆர்' இட்டால் போதும். சிம்பையில், பின்சாய்கோடின்றி ஆங்கிலத்தில் தீட்டா என்று எழுதினாலே அது கிரேக்க எழுத்தாக அச்சிடும்.

ஆனால் நாம் செய்வதென்ன? வெளிவந்த படியைக் கையால் திருத்தி ஆய்வேட்டில் ஒட்டுகிறோம். இது பெருந்தவறு என்பேன். தம் நூலின் அச்சுப்படி கண்டு மனம் வெதும்பி, 1977இல் டெக்ஸ் படைக்கப் புகுந்தார் டொனால்டு நூத். ஒட்டுப்போட்டு அவர் அமைதி கொள்ளவில்லை. அச்சழகை நம்புமுன், பைதானின் ரெப்ர் கட்டளையால் மூலச்சரத்தைப் பாருங்கள். விழுங்கப்பட்ட எழுத்து அங்கே தெரிந்துவிடும்.

முன்பு கையால் திருத்திய பதினொரு சமன்பாடுகளை மறுபடி கணிப்பொறியில் ஓட்டினேன். இரண்டில் கழித்தல் குறியை நானே தொலைத்திருந்தேன்.