முற்றல் வெண்டைக்காய்க்கு ஒரு வேலை

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, ஒடியாததைக் கூடையிலேயே போட்டுவிட்டு வருவது நம் வீடுகளில் பரம்பரைப் பழக்கம். காய்கறிக் கடைக்காரர் "நுனியை ஒடிக்காதீங்கம்மா" என்று கத்திக்கொண்டேதான் இருப்பார். வீட்டில் இரண்டு வயதில் ஒரு வாண்டு இருந்தால், அந்த ஒடியாத காயிலும் நாலைந்தைச் சேர்த்து வாங்கி வாருங்கள். குழம்புக்கு ஆகாது. அச்சு குத்த அதைவிட நல்ல காய் கிடையாது. பிஞ்சுக் காய் குழந்தையின் பிடிக்கு நசுங்கிப்போகும், முற்றல் தாங்கும்.

காம்பிலிருந்து இரண்டு விரல் அகலம் விட்டு நறுக்கினால் காம்பே கைப்பிடி. வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றிக் கொழகொழப்பை எடுத்துவிட வேண்டும். வண்ணத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். மஞ்சள்தூளைக் கஞ்சியில் குழைத்தால் மஞ்சள். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்தால் ஊதா கலந்த சிவப்பு. கிண்ணத்தில் வைத்தால் அடுத்த நிமிடம் கிண்ணம் தலைகீழாகிவிடும். ஆகவே ஒரு தட்டில் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துப் போட்டு, அதில் வண்ணத்தை ஊற்றி ஊறவிட்டால் போஸ்ட் ஆபீஸ் ஸ்டாம்பு பேடு மாதிரி ஆகிவிடும். பாகற்காயை வட்டமாக நறுக்கினால் பல்சக்கரம் வரும். அதை வாயில் வைக்காமல் இருக்க மாட்டார்கள். ஒருமுறை வைத்தால் மறுமுறை வைக்கவும் மாட்டார்கள்.

என் பேத்திக்கு இரண்டேகால் வயது. மகள் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் என் பொறுப்பு. வெண்டைக்காயைக் கையில் கொடுத்ததும் முதலில் முகர்ந்து பார்த்தாள். பிறகு மஞ்சளில் தோய்த்து நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். வைத்து எடுக்கத் தெரியவில்லை. வைத்தபடியே இழுத்ததில் தாளெங்கும் மஞ்சள் வால். நான் ஒன்றும் சொல்லாமல் என் தாளில் ஒன்று ஒற்றி எடுத்தேன். ஐந்து இதழோடு ஒரு பூ. "ஆச்சி, பூ!" என்றாள். அதற்கப்புறம் அவளும் குத்தினாள், எல்லாம் ஒரே இடத்தில். பூவின் மேல் பூ, அதன் மேல் இன்னொரு பூ. கடைசியில் தாள் நனைந்து ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, மறுபக்கம் வந்த விரலைத் திருப்பிப் பார்த்தாளே, அந்தச் சந்தோஷம் பூவுக்குக்கூட வரவில்லை. பிறகு காயைப் பிளந்து விதைகளை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துத் தரையில் வைத்தாள். அத்தோடு எழுந்து போய்விட்டாள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

சாயங்காலம் வந்த மகள் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒரு பூவாவது உருப்படியா இருந்தா ஸ்டேட்டஸ்ல வச்சிருப்பேனே" என்றாள்.

இந்த ஸ்டேட்டஸ்தான் இப்போது வினை. இணையத்தில் குழந்தைகளுக்கான கைவேலை என்று தேடினால் முட்டை அட்டையில் கம்பளிப்புழு, காகிதத் தட்டில் சிங்கமுகம் என்று கண்ணைப் பறிக்கும் படங்களாக வந்து கொட்டும். எதையும் இரண்டு வயதுப் பிள்ளை செய்திருக்காது, செய்யவும் முடியாது. ஒன்பது பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பொரியைப் பொறுக்கப் பழகுகின்றன. ஒன்றரை வயதில் கிறுக்கல் வருகிறது. இரண்டு வயதில் ஐந்தாறு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியும். பார்த்து ஒரு வட்டம் போட மூன்று வயதாகிவிடும். கத்தரிக்கோலும் அதற்கு அப்புறம்தான். இந்தக் கையிடம் போய்ச் சிங்கமுகம் கேட்டால் யார் செய்வது? அம்மாதான் செய்ய வேண்டும்.

அப்படித்தான் நடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பையன், வயது மூன்றாகவில்லை. அவன் போகும் ப்ளே ஸ்கூலில் 'ஆக்டிவிட்டி' என்று ஒன்று கொடுத்தனுப்பினார்கள்: பஞ்சு ஒட்டி ஆட்டுக்குட்டி செய்து வர வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு அப்பா அட்டையை வெட்டுகிறார், அம்மா ஃபெவிகால் தடவுகிறார், பையன் சோபாவில் தூங்குகிறான். மறுநாள் ஆட்டுக்குட்டிக்கு ஒரு ஸ்டார். அந்த ஸ்டார் நியாயமாக அப்பாவின் சட்டையில் ஒட்டியிருக்க வேண்டியது. பையனுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பறக்கவிடுவது. அது மட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

சான்பிரான்சிஸ்கோவில் பாலர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் என்ற அம்மையார் லட்சக்கணக்கில் குழந்தை ஓவியங்களைச் சேர்த்துவைத்து ஆராய்ந்தவர். 1969-ல் வந்த அவரது புத்தகத்தில், சின்னப் பிள்ளைகளின் கிறுக்கலை 20 வகையாகப் பிரித்துக் காட்டினார். புள்ளி, நெட்டுக்கோடு, படுக்கைக்கோடு, வளைவு, சுழி, இப்படி. நமக்குக் கிறுக்கலாகத் தெரிவதில் அவ்வளவு சரக்கு இருக்கிறது. அதைப் பார்க்காமல் "இது என்ன, யானையா?" என்று கேட்டுக் குழந்தையைச் சங்கடத்தில் மாட்டிவிடுகிறோம். பாவம், நமக்காக அதுவும் "ஆமா, யானை" என்றுவிடும்.

சுவர் பாழாகிறதே என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்று, சின்னச் சொம்பில் கொஞ்சம் தண்ணீர். சிமெண்ட் தரையோ மொட்டைமாடிச் சுவரோ காட்டிவிடுங்கள். நனைந்த இடம் கறுக்கும், வெயில் உறிஞ்சிவிடும், மறுபடி வரையலாம். திருநெல்வேலி வெயிலில் ஒரு கோட்டை முடிப்பதற்குள் அதன் வால் காய்ந்திருக்கும். காலையில் எட்டு மணிக்குள் இந்த விளையாட்டை முடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர்ப் பக்கத்திலிருந்து நாம் மட்டும் நகரக் கூடாது.

அடுத்தது கிழிப்பது. செய்தித்தாளைக் கிழிக்கக் கொடுப்பதைச் செல்லம் கொடுப்பது என்று நினைக்கிறவர்கள், ஒரு கை தன் பக்கம் இழுக்க மறு கை எதிர்ப்பக்கம் போவதை ஒருதரம் உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு கைக்கும் வெவ்வேறு வேலை, ஒரே சமயத்தில். பின்னால் சட்டைப் பொத்தான் போடுவதற்கும் இந்தச் சாமர்த்தியம்தான் வேண்டும். தாளை நீளவாக்கில் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணல் மாணலாகப் போகும். தாள் தயாராகும்போது நார்கள் இயந்திரம் ஓடும் திசையில் படிவதால் வரும் வித்தியாசம் இது. நீங்களே ஒரு தாளை எடுத்துக் கிழித்துப் பாருங்கள். கிழித்ததை ஒட்டவேண்டுமானால் சோற்றுப் பருக்கை இருக்கிறது. நாங்கள் கடிதம் ஒட்டியதெல்லாம் அதில்தான். நாலு பருக்கையைக் குழந்தையே விரலால் மசிக்கட்டும். வாய்க்குள் போனாலும் பயமில்லை. அச்சு மை ஏறிய தாள்தான் வாய்க்குப் போகாமல் பார்க்க வேண்டும்.

பிசையும் மாவுக்கு வருவோம். டப்பாவில் கலர் கலராக விற்கிறார்களே ப்ளே-டோ, அது முதலில் பொம்மையே இல்லை. அமெரிக்காவில் நிலக்கரி அடுப்பெரித்த காலத்தில், சுவர்க்காகிதத்தில் படிந்த கரியை ஒற்றி எடுக்க சின்சினாட்டிக் கம்பெனி ஒன்று விற்ற மாவு. கரி அடுப்புகள் போய், மாவுக்கும் வேலை போனது. அப்போது அந்தக் கம்பெனியை நடத்திய குடும்பத்துக்கு உறவான ஒரு நர்சரி ஆசிரியை தன் பிள்ளைகளிடம் அதைப் பிசையக் கொடுத்துப் பார்த்தார். 1956-ல் அது பொம்மைக் கடைக்கு வந்தது. இணையத்தில் மைதா ஒரு கப், உப்பு அரை கப், எண்ணெய் ஒரு ஸ்பூன் என்று வீட்டுச் செய்முறை சொல்வார்கள். உப்பு போட்டால் மாவு சில நாள் கெடாது, உண்மை. ஆனால் எதையும் தின்னும் வயதில் அவ்வளவு உப்பு ஆகாது. சப்பாத்திக்குப் பிசையும்போது ஓர் உருண்டையைக் கிள்ளிக் கொடுத்தால் வேலை முடிந்தது. விரலால் குத்தினால் குழி, உருட்டினால் பாம்பு, இடியாப்ப உழக்கின் அச்சை அழுத்தினால் அம்மைத் தழும்பு. சாயங்காலம் தூக்கிப் போட்டுவிடலாம்.

இதெல்லாம் வெளியிலிருந்து கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய புதுச் சங்கதி போலப் பேசுவதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜையறை வரைக்கும் அரிசிமாவில் பாதம் வைக்கிறோம். முஷ்டியை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் உள்ளங்கால். மேலே விரல்நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் விரல்கள். இதைவிட அழகான அச்சுவேலை எந்த நாட்டிலாவது இருக்கிறதா? சில வீடுகளில் குழந்தையின் காலையே மாவில் தோய்த்து நடக்கவிடுவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். பாதம் பூஜையறைக்குப் போகாமல் அடுப்படிப் பக்கம் திரும்பிவிடும், போகட்டும். தரை வழுக்கும் என்பதால் ஒரு கையை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்தார் மரியா மாண்டிசோரி. போர் மூண்டதில் திரும்ப முடியாமல் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. குழந்தைக்கு நிஜமான வீட்டுவேலையைக் கொடு என்றுதான் அவரும் சொன்னார். பெருக்குவது, ஊற்றுவது, துடைப்பது. எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தால் பேத்திக்கு ஒரு கொத்து தனியாக உண்டு. காம்பிலிருந்து உருவத் தெரியாது, ஒவ்வோர் இலையாகக் கிள்ளுவாள். பத்து இலை சேர்ந்ததும் கிண்ணத்தைக் கொண்டுவந்து "ஆச்சி, குழம்பு" என்பாள்.

மஞ்சளில் இன்னொரு வித்தையும் இருக்கிறது. மஞ்சள் படிந்த கையைக் குளியல் சோப்புக் கட்டியால் தேய்த்தால் சிவப்பாகும். சோப்பின் காரம் பட்டுத்தான் அந்த நிறமாற்றம். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்யும் வேலை அதேதான். சுண்ணாம்பைக் குழந்தை பக்கம் கொண்டுபோகாதீர்கள், கண்ணில் பட்டால் வெந்துவிடும். வேலியில் சங்குப்பூ இருந்தால் நாலு பூவைப் பறித்து வெந்நீரில் போட்டு, ஆறியபின் கொடுங்கள். நீலத் தண்ணீரில் எலுமிச்சையைக் குழந்தையின் கையாலேயே பிழியவைத்தால் கத்தரிப்பூ நிறம் வரும்.

பயப்பட வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று சென்டிமீட்டருக்குச் சிறிய எதையும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. புளியங்கொட்டை, மணி, பொத்தான், சமிக்கி எல்லாம் இதில் சேர்த்தி. தெர்மாகோல் உருண்டை மூக்கில் ஏறினால் எக்ஸ்ரேயிலும் தெரியாது. தண்ணீரில் ஊறிப் பெருக்கும் கண்ணாடி மாதிரியான ஜெல் உருண்டைகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும்.

பிள்ளையார் சதுர்த்திக் களிமண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண் வாங்கும்போது ஓர் உருண்டை கூடக் கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுங்கள், அதைப்போலப் பிசைபொருள் கிடையாது. ஆனால் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணியை அதன் கண்ணில் காட்டாதீர்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த அழகுக்குள் இருப்பது அப்ரின் என்ற கடும் விஷம். முழுசாக விழுங்கினால் தோல் கெட்டியாக இருப்பதால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும் என்பார்கள், அதை நம்பி இருந்துவிடக் கூடாது. கடித்தோ உடைத்தோ தின்றால் உயிருக்கே ஆபத்து. அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகலாம். விழுங்கினதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்கப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பிள்ளையாரைக் கரைத்தபின் இரண்டு மணியும் எங்கே போயின என்று தேடி எடுத்துவிடுவதும் வீட்டுப் பெரியவர்கள் வேலை.

ப்ளே ஸ்கூல் ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கைவேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். வகுப்பிலேயே ஒரு தாளையும் கொஞ்சம் பசையையும் கொடுங்கள். பிள்ளை கிழித்ததைக் கிழித்தபடி, கசக்கியதைக் கசக்கியபடி சுவரில் ஒட்டி, கீழே பெயரும் தேதியும் எழுதுங்கள். பார்க்க வரும் பெற்றோர் முகம் சுளித்தால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.