கார்டு வாங்க கிளம்பிட்டீங்களா?

கேம் திணறினா நாம முதல்ல திட்டுறது கிராபிக்ஸ் கார்டைத்தான். நானும் அப்படித்தான். 2011-ல் வெளிவந்த ஐ5-2400 இருக்கிற வீட்டு பிசியில், அப்பா கொடுத்த காசில் ஜிடிஎக்ஸ் 1650 வாங்கி மாட்டினேன். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ல் நாலு பேர் ஒண்ணா மோதினா இன்னமும் இழுவைதான்! பிராசசர் 100 சதவீதத்தில் மூச்சு வாங்குது, கார்டு பாதி நேரம் சும்மா இருக்கு. ஒவ்வொரு பிரேமிலும் என்ன வரையணும்னு பிராசசர் சொன்னாத்தானே கார்டு வரையும்?

வாங்கும் முன் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்க. எஃப்பிஎஸ் நல்லா ஏறினா, கார்டு மாத்தலாம். அசையவே இல்லையா? பெரும்பாலும் பிராசசர்தான். புதுத் தலைமுறைக்குப் போனா மதர்போர்டு, ரேம் எல்லாமே மாறணும். அதனால அதே சாக்கெட்டில் உட்காரும், எட்டு த்ரெட் உள்ள ஐ7-2600-ஐ செகண்ட் ஹேண்டில் தேடிட்டு இருக்கேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல.