ஒண்ணைப் பிடிச்சுக்கோ!



மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமியைச் சேவித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு பொட்டல். அதில் ஒரு பையன் அரைமணி நேரம் பந்தை உதைத்துவிட்டு, அதே வேர்வையோடு மட்டையைத் தூக்கினான். ஓரமாக நின்ற அவன் அப்பா என்னிடம் அலுத்துக்கொண்டார்: “எதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கோடான்னா கேக்க மாட்டேங்கான், அண்ணாச்சி!”

எனக்கு எம்.ஜே. கோபாலன் நினைவுக்கு வந்தார். செங்கல்பட்டுச் சீமை மொறப்பாக்கத்தில் பிறந்தவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4-ம் தேதி, சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பை பிறந்தபோது அதன் முதல் பந்தை வீசியதும் அவர்தான். மறு ஆண்டு கையில் ஹாக்கி மட்டை. தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து போய்விட்டு வந்தார்.

1936-ல் வந்தது சோதனை. ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு, கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கு. கோபாலன் கிரிக்கெட்டோடு கப்பலேறினார். அங்கே நடந்த மூன்று டெஸ்டிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஹாக்கி அணியோ ஜெர்மனியை 8-1 என்று சாத்தித் தங்கத்தோடு திரும்பியது. கடைசிவரை அவர் கணக்கில் அந்த ஒரே டெஸ்ட்தான்.

இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் லிட்டில்டனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. 1877-ல் கால்பந்து, 1880-ல் கிரிக்கெட் என இரண்டிலும் நாட்டுக்காக ஆடிய முதல் ஆள் அவர். விக்கெட் கீப்பரான அவரிடம் 1884 ஓவல் டெஸ்டில் பந்தைக் கொடுத்தார்கள். 19 ரன்னுக்கு 4 விக்கெட்!

காலம் மாறிவிட்டது, இன்று உச்சிக்குப் போக ஒன்றைத்தான் பிடிக்கவேண்டும் என்பீர்கள். சரிதான். ஆனால் கோபாலனுக்கே அந்த நெருக்கடி இருபத்தைந்து வயதைத் தாண்டித்தான் வந்தது. நாம் அதைப் பத்து வயதிலேயே பிள்ளைகள் தலையில் ஏற்றுகிறோம். எது தன் ஆட்டம் என்று ஆடிப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

கோடை விடுமுறை வருகிறது. ஒரே பயிற்சி முகாமுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், ஒரு மாதம் பிள்ளையைப் பொட்டலில் விடுங்கள். உதைக்கட்டும், அடிக்கட்டும், ஓடட்டும். எதைப் பிடிப்பது என்று அவனே, அவளே வந்து சொல்லட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்