45 டிகிரி சாய்ஞ்ச பைப்!

முதல் வருஷ இன்ஜினீயரிங் பிராக்டிசஸ் லேப் ஞாபகம் இருக்கா பாஸ்? ரெண்டு எம்.எஸ். பிளேட்டை ஒட்டச் சொன்னா, ராடு போய் பிளேட்டோட ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னு அடம்பிடிக்கும். எப்படியோ மண்புழு ஊர்ந்த மாதிரி ஒரு பட் ஜாயின்ட் போட்டு, ரெக்கார்டுல கையெழுத்து வாங்கிட்டு, 'வெல்டிங்கா... அது ஐ.டி.ஐ. பசங்க வேலை'னு கையைத் தட்டிட்டு வந்திருப்பீங்க. அப்புறம் ஃபைனல் இயர்ல கேம்பஸ் இன்டர்வியூ எதுவும் சிக்காதப்போ, '15 நாளில் க்யூ.சி. இன்ஜினீயர்! வெளிநாட்டில் வேலை!'னு பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒரு போஸ்டர் கண்ணுல படும் பாருங்க... அப்போ பொங்கும் வெல்டிங் மேல பாசம்!

இந்த வாரம், அந்த போஸ்டருக்கு முன்னாடி நின்னு போன் நம்பரைக் குறிச்சுக்கிறவங்களுக்காக. அம்மாவோட வளையல் அடகுக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க.

நான் இருக்கிறது திருச்சி. பெல் பாய்லர் ஃபேக்டரி இருக்கிற ஊர். அதுக்குள்ளயே 1975-ல் ஆரம்பிச்ச வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. துவாக்குடி பக்கம் போனா ஷெட்டு ஷெட்டா ஃபேப்ரிகேஷன் யூனிட்ஸ். பாய்லர் ஆர்டர்கள் குறைஞ்சு பல யூனிட் தள்ளாடினது தனி சோகக் கதை. ஆனாலும் இந்த ஏரியா டீக்கடையில 'அவர் சிக்ஸ் ஜி வெல்டர்'னு சொல்லிப் பாருங்க, பெஞ்சுல இடம் விடுவாங்க.

அது என்ன சிக்ஸ் ஜி? ஒரு பைப்பை 45 டிகிரி சாய்ச்சு அசையாம கட்டிடுவாங்க. பைப்பைத் திருப்பக்கூடாது, நீங்கதான் அதைச் சுத்தி வரணும். அடியில தலைக்கு மேல கையைத் தூக்கி அடிக்கணும், பக்கவாட்டுல செங்குத்தா ஏறணும், மேல வந்தா உலோகக் குழம்பு வழியாம பிடிக்கணும். கோணம் நொடிக்கு நொடி மாறும், கையும் கூடவே மாறணும். முதல்ல போடுற ரூட் பாஸ்தான் உயிர். அது பைப்புக்குள்ள சரியா இறங்கலைன்னா மேல எத்தனை அடுக்கு அழகா போட்டாலும் வேஸ்ட். முடிஞ்சதும் அந்தப் பீஸை எக்ஸ்ரே எடுப்பாங்க, இல்லைன்னா பட்டை பட்டையா வெட்டி 'யு' மாதிரி வளைப்பாங்க. வளைச்ச இடத்துல 3 மில்லிமீட்டருக்கு மேல வாய் பிளந்தா, அவுட்! பாஸானா, அந்த முறையில எல்லா பொசிஷன்லயும் வெல்டு பண்ணத் தகுதி வந்துடும்.

இங்கேதான் போஸ்டர்ல போடாத ஒரு விஷயம். ஏ.எஸ்.எம்.இ. கோடோட ஒன்பதாவது செக்‌ஷன்படி, வெல்டருக்கு டெஸ்ட் வெச்சுத் தகுதி கொடுக்கிற பொறுப்பு அவரை வேலைக்கு வெச்சிருக்கிற கம்பெனியோடது. அதனால இன்ஸ்டிட்யூட்ல வாங்கின 6ஜி சர்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டிக்கலாம், ஆனா புது கம்பெனி கேட்டுல மறுபடியும் பைப்பைச் சாய்ச்சுதான் வைப்பாங்க. இன்னொண்ணு... அந்த வெல்டிங் முறையை ஆறு மாசம் தொடாம இருந்தா தகுதி காலாவதி! நம்ம டிகிரிக்கும் இப்படி ஒரு ரூல் போட்டா எத்தனை பேர் தேறுவோம்னு யோசிச்சுப் பார்த்தேன். வேணாம், விடுங்க.

என்.டி.டி. 'லெவல் டூ' கதையும் கிட்டத்தட்ட இதேதான். எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறையில சர்டிஃபிகேட் கொடுக்கிறது வேலை கொடுக்கிறவர். கிளாஸ்ல உட்கார்ற நேரம் தனி, அதுக்கு மேல அல்ட்ராசோனிக் மாதிரி முறைக்கு நூத்துக்கணக்கான மணி நேரம் நிஜ வேலையில அனுபவம் வேணும்னு சொல்லுது. பதினஞ்சு நாள்ல அத்தனை மணி நேரம் எங்கே இருந்து வரும்? கோர்ஸ் பொய்யில்லை, அது முதல் படி மட்டும். ஆனா வாங்குற காசு மொத்த மாடிக்கும்!

ஆளோட பேர்லயே, கம்பெனி மாறினாலும் கூடவே வர்ற சர்டிஃபிகேட்டுகள் வேற. ஐ.எஸ்.ஓ. 9712 முறையில வர்ற என்.டி.டி. தகுதி, இங்கிலாந்து டி.டபிள்யூ.ஐ. நிறுவனத்தோட சி.எஸ்.டபிள்யூ.ஐ.பி. 3.1, அமெரிக்க வெல்டிங் சொசைட்டியோட சி.டபிள்யூ.ஐ. எல்லாம் இந்த ரகம். சி.டபிள்யூ.ஐ. பரீட்சை மூணு பாகம். தியரி ஒண்ணு, கோட் புக்கைத் திறந்து வெச்சு விடை தேடுறது ஒண்ணு, பிளாஸ்டிக்ல வார்த்த வெல்டு மாதிரிகளைக் கேஜ் வெச்சு அளந்து 'பாஸா, ஃபெயிலா' சொல்றது ஒண்ணு. எல்லாத்துக்கும் மேல ஒரு அடி தூரத்துல பொடி எழுத்தைப் படிக்கிற கண் டெஸ்ட்! கண்ணாடி போட்டுக்கலாம். பன்னிரண்டாவது முடிச்சவருக்கு 5 வருஷ அனுபவம் கேட்கிறாங்க. டிகிரி இருந்தா வருஷம் குறையும். பூஜ்யம் ஆகாது.

'ஏன் இவ்வளவு கெடுபிடி?'ங்கிறவங்களுக்கு ஒரு நிஜக் கதை. 1980 மார்ச் 27. வட கடல்ல நார்வேக்காரங்களோட அலெக்ஸாண்டர் கீலாண்ட்ங்கிற மிதக்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் செத்துப்போனாங்க. விசாரணையில விரிசல் ஆரம்பிச்ச இடத்தைத் தேடினா, ஒரு ஒலிக்கருவியை மாட்டுற துண்டைச் சுத்திப் போட்ட சின்ன ஃபில்லெட் வெல்டு! பாரம் தாங்குற ஜாயின்ட்கூட இல்லை. விரிசலுக்குள்ள பெயின்ட் இருந்துச்சாம். அதாவது பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே, யார்டுல இருக்கும்போதே அங்க விரிசல் இருந்திருக்கு. யாரோ ஒருத்தர் குனிஞ்சு பார்த்திருந்தா...

துவாக்குடியில ஒரு வெல்டர் அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். 22 வருஷ சர்வீஸ், அதுல பாதி குவைத்ல. "புதுசா வர்ற க்யூ.சி. தம்பிங்க பீடு அழகா இருக்கான்னுதான் பார்ப்பாங்க. நாங்க உள்ள இருக்கிற ரூட்டை நினைச்சுப் பயந்துக்கிட்டு நிப்போம்"னார். கழுத்து வலிக்குது, குனிஞ்சு அடிக்கிற வேலை இன்னும் எத்தனை வருஷம் ஓடும்னு தெரியாது, இன்ஸ்பெக்டர் ஆகணும்னு ஆசை. வெல்டைப் பார்த்ததும் 'இங்க அண்டர்கட், இங்க ராடு மாத்தும்போது சரியா கிளீன் பண்ணலை'னு சொல்லிடுவார். ஆனா கோட் புக் முழுக்க இங்கிலீஷ். "அந்த 'ஷேல்'லுக்கும் 'ஷுட்'டுக்கும் என்ன தம்பி வித்தியாசம்?"னு கேட்டார். முதல்ல சொல்றது கட்டாயம், ரெண்டாவது செஞ்சா நல்லதுங்கிற சிபாரிசு. ஒரு வார்த்தையில வெல்டு பாஸாகலாம், ஃபெயிலாகலாம்!

இப்போ சனிக்கிழமை சாயங்காலம் நான் அவருக்கு ஒரு சேப்டர் படிச்சு அர்த்தம் சொல்றேன். அவர் எனக்கு ஸ்கிராப் பைப்புல ரூட் போடக் கத்துக்கொடுக்கிறார். யாருக்கு லாபம் அதிகம்னு கேட்டா, எனக்குத்தான். சந்தேகமே இல்லை!

இந்தப் படிப்பையே டிகிரியா தொடரணும்னாலும் வழி இருக்கு. டிகிரி கையில இருந்தா, கொல்கத்தாவைத் தலைமையிடமா கொண்ட இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் வெல்டிங் வழியா 'இன்டர்நேஷனல் வெல்டிங் இன்ஜினீயர்' தகுதிக்கு முயற்சி பண்ணலாம். அதே வரிசையில வெல்டிங் ஸ்பெஷலிஸ்ட், பிராக்டீஷனர்னு மத்த படிப்புக்காரங்களுக்கும் படிகள் இருக்கு. ஆனா நம்ம ஊர்ல இன்னமும் ஐ.டி.ஐ. அண்ணனுக்கு இந்தப் படி இருக்குன்னு சொல்ல ஆள் இல்லை, பி.இ. தம்பிக்கு அதைத் தாண்டிக் குதிக்கலாம்னு சொல்ல ஆயிரம் போஸ்டர்.

சரி, அந்த நம்பருக்குப் போன் போட்டுத்தான் ஆவேன்ங்கிறீங்களா? போடுங்க. வேலை வாங்கித் தருவீங்களான்னு முதல்ல கேட்காதீங்க, எல்லாரும் 'ஆமா'ம்பாங்க. சர்டிஃபிகேட்ல கடைசியா கையெழுத்துப் போடப்போறது யாரு, அவரோட லெவல் த்ரீ தகுதி எந்த அமைப்பு கொடுத்தது, நான் வேலை பார்க்கிற கம்பெனி அதை ஏத்துக்கலைன்னா என்ன ஆகும்னு கேளுங்க. எதிர்முனையில கொஞ்ச நேரம் சத்தமே வராது.